வண்டி நிறுத்தப் போனவர்

அந்தச் சலவைக்கூடத்தில் அவருக்குக் கறைக்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருக்கத்தான் செய்தது; அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போய் ரொம்ப நாளாயிற்று. ஹோட்டல் விரிப்புகளும் விடுதிப் போர்வைகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம் அது. பெரிய இயந்திரங்கள் எல்லாத் துணியையும் ஒரே மாதிரி விழுங்கித் துவைத்துத் துப்பிவிடும். இயந்திரம் கைவிட்டது மட்டும் கறைக்காரரின் மேசைக்கு வரும். கோட்டுக் கழுத்தில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கு, பட்டுத் துணியில் கொட்டிய காபி, என்றைக்காவது ஒரு நாள் பெரிய மனிதர் சட்டையில் உதட்டுச் சாயம். உதட்டுச் சாயம் வந்துவிட்டால் கூடமே அவரைச் சுற்றி நிற்கும். யார் வீட்டுச் சட்டை என்று அவர் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை.

வாயைத் திறக்காதது அந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்றால் நல்ல குணம் என்று சொல்லலாம். அவர் எதற்குமே திறக்க மாட்டார். சாப்பிடுவதற்குக்கூட.

அம்மா இருந்தவரை டப்பா கட்டிக்கொண்டு வந்து எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டவர்தான். அம்மா போன பிறகு ஒரு நாள் வெறும் ரொட்டியை எடுத்து வைத்தார். உடனே இஸ்திரி போடுகிற அம்மாள் தன் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி அள்ளி வைத்தாள். வண்டி ஓட்டுகிறவர் தன்னுடையதில் பாதியைத் தள்ளிவிட்டார். பாவம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, கண்ணால் சொன்னார்கள். மறுநாள் முதல் சாப்பாட்டு நேரம் வந்தால் அவருக்கு எங்கிருந்தோ அவசர வேலை வந்துவிடும். ஒரு டீயைக் குடித்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மனுஷனுக்கு ரோஷம் இருக்க வேண்டியதுதான். வயிற்றிடம் எதற்கு ரோஷம் காட்டுகிறார் என்றுதான் எனக்கு விளங்குவதில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் பொட்டலம் வாங்குவார். ஒரே அறை, ஒரு கட்டில், ஒரு டிவி. பகல் முழுக்கக் காய்ந்த வயிற்றில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு அப்படியே சாய்ந்துவிடுவார். தனியாகச் சாப்பிடுகிறவர்களுக்குத் தட்டு சீக்கிரம் காலியாகிவிடும். நடுவில் பேச யாரும் இல்லையே.

நெஞ்சுக்குக் கீழே எரிச்சல் எப்போது தொடங்கியது என்று அவருக்கே நினைவில்லை. காலையில் எழுந்தால் வாய் முழுக்கக் கசப்பு. சில நாள் மஞ்சளாக வாந்தி. மருந்துக்கடைக்காரர் அமிலத்தை அடக்குகிற மாத்திரை கொடுத்தார். அதை மிட்டாய் மாதிரி மென்று தீர்த்தார். எரிச்சல் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும், பிறகு வந்துவிடும்.

இஸ்திரி அம்மாள் ஒரு நாள் அவர் குழாயடியில் குனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

"பித்தம்ணே அது. பாத்தாலே தெரியுது."

"எனக்கு எப்படிம்மா பித்தம் வரும்? பித்தப்பையவே எடுத்தாச்சே."

உண்மைதான். கல் சேர்ந்திருக்கிறது என்று பல வருஷத்துக்கு முன்னால் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். அம்மாதான் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். பையே இல்லாதபோது பித்தம் எங்கிருந்து வரும் என்பது அவர் கட்சி. கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். இஸ்திரி அம்மாளும் தன் பெட்டியைப் பார்க்கப் போய்விட்டாள்.

கடைசியில் டாக்டரிடம் போனார். டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார், எடை குறைந்திருக்கிறதா என்று கேட்டார், வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்த்துவிடலாம் என்றார். வியாழக்கிழமை காலை, வெறும் வயிற்றோடு வர வேண்டும். வெறும் வயிறு அவருக்குக் கைவந்த கலை, அதில் ஒன்றும் கஷ்டமில்லை.

"மயக்க மருந்து குடுப்போம். அதனால கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. துணைக்கு ஆள் இல்லாம செய்ய மாட்டோம்" என்றார் டாக்டர்.

குழாயைவிட இதற்குத்தான் அவர் பயந்தார். தம்பி ஒருவர் தூர ஊரில் இருக்கிறார். எப்போதாவது போனில் பேசினால் இரண்டு பேரும் நலம் என்று சொல்லிக்கொண்டு வைத்துவிடுவார்கள். கீழ்வீட்டுக்காரரிடம் வாடகை கொடுப்பதோடு சரி. யோசித்து யோசித்து, வண்டி ஓட்டுகிறவரிடம் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். அவர் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது போய்ப் பக்கத்தில் நின்றார்.

"வியாழக்கிழமை காலையில உங்களுக்கு வேலை ஏதும் இருக்கா?"

"ஏன்ணே, என்ன விஷயம்?"

"இல்ல, அன்னிக்கு ஹோட்டல் மூட்டை சீக்கிரம் வருமான்னு கேக்க வந்தேன்."

"எப்பவும் போலதான் வரும்."

"அதான் கேட்டேன்."

மேசைக்குத் திரும்பி வந்து இல்லாத கறையைத் தேய்த்தார். கேட்டிருந்தால் வண்டிக்காரர் வந்திருப்பார். அது எனக்குத் தெரிகிறது, உங்களுக்கும் தெரிகிறது. அவருக்குத்தான் தெரியவில்லை.

வியாழக்கிழமை தனியாகப் போய் நின்றார். மேசையில் இருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"கூட யாரு?"

"வந்திருக்காரு. வண்டி நிறுத்தப் போயிருக்காரு."

இப்படி ஒரு பொய் அவர் வாயிலிருந்து வந்தது அவருக்கே ஆச்சரியம். பின்னால் நின்றவரிடமும் நர்ஸ் அதையே கேட்டாள்.

"மச்சான் வந்திருக்காரு. வெளிய வண்டி நிறுத்த இடம் தேடிட்டு இருக்காரு" என்றார் அவர்.

நெட்டையான ஆள். நரைத்த மீசை, சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு, உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. இரண்டு பேரும் சுவரோரப் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எதிரே ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு மனைவி, ஒரு மகன், ஒரு கூடை. நேரம் போனது. நெட்டையர்தான் முதலில் பேசினார்.

"உங்க ஆளுக்கு இன்னும் இடம் கிடைக்கலையா?"

"இல்லைங்க. உங்க மச்சானுக்கு?"

"அவருக்கும்தான். ரெண்டு பேரும் ஒரே இடத்துக்கு அடிச்சுக்கிறாங்களோ என்னவோ."

கறைக்காரர் தரையைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார், "எனக்கு வண்டியே கிடையாதுங்க."

"எனக்கு மச்சானே கிடையாது" என்றார் நெட்டையர்.

சிரிப்பு இரண்டு பேருக்கும் வந்தது, நர்ஸுக்குப் பயந்து அடக்கிக்கொண்டார்கள். நெட்டையர் தண்ணீர் வாரியத்தில் வேலை பார்ப்பவராம். தெருத்தெருவாகப் போய் நீளமான இரும்புச் சாவியால் குழாய் வால்வைத் திறந்து மூடுகிற வேலை. யோசனை சொன்னவரும் அவர்தான். நீங்கள் எனக்குத் துணை, நான் உங்களுக்குத் துணை, முடிந்தது காரியம்.

"அண்ணன் தம்பின்னு சொல்லுவோமா?" என்று கேட்டார் கறைக்காரர்.

"உங்க மூக்கையும் என் மூக்கையும் பாத்துட்டு நம்புவாங்களா? சகலைன்னு சொல்லிடுவோம். சகலைக்கும் சகலைக்கும் முகம் ஒத்துப்போகணும்னு யாரும் எதிர்பாக்க மாட்டாங்க."

"எனக்குக் கல்யாணமே ஆகலையே."

"எனக்கு ஆச்சு. அவ போய்ச் சேந்து ரொம்பக் காலமாச்சு. இப்ப என்ன, பொண்ணா பாக்கப் போறோம்."

வண்டி நிறுத்தப் போனவர்களுக்கு அவசர வேலை வந்துவிட்டது, நாங்கள் சகலைகள், ஒருவருக்கொருவர் துணை என்று போய்ச் சொன்னதும் நர்ஸ் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தாள். ஒருவர் நன்றாகத் தெளிந்து எழுந்து நடமாடின பிறகுதான் அடுத்தவரை உள்ளே விடுவேன், சாயங்காலம் ஆனாலும் ஆகும் என்றாள். சரி என்றார்கள்.

"அது சரி, ஒரே குடும்பத்துல ரெண்டு வயிறும் கெட்டிருக்கே. யாரு சமையல்?" என்று கேட்டாள் நர்ஸ்.

"அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் ஒரே கைப்பக்குவம்" என்றார் வால்வுக்காரர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

"நல்லாத்தான் சமைப்பாங்க" என்றார் கறைக்காரர் அவசரமாக. இல்லாத பெண்டாட்டியை யாரோ குறை சொன்னதும் அவருக்கு ஏனோ பொறுக்கவில்லை.

முதலில் கறைக்காரர் உள்ளே போனார். தொண்டையில் கசப்பான மருந்தை அடித்தார்கள், கையில் ஊசி போட்டார்கள். கண்ணை மூடினது நினைவிருக்கிறது. திறந்தபோது பக்கத்தில் ஸ்டூலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலை தெளியாத அந்த நேரத்தில் அம்மா என்றுதான் நினைத்தார். பிறகு மீசை தெரிந்தது.

நன்றாக எழுந்து உட்காரும் வரை வால்வுக்காரர் பொறுத்திருந்தார். டாக்டர் துணைக்கு வந்தவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். வால்வுக்காரர் பெரிய பொறுப்பு கிடைத்த தோரணையோடு ஆரம்பித்தார்.

"பித்தம்தான் உங்களுக்கு."

"பையே இல்லைங்களே."

"அதைத்தான் நானும் கேட்டேன். பை வெறும் தொட்டிதானாம். பித்தம் ஊறுறது கல்லீரல்ல. தொட்டி இருந்தா நிரப்பி வெச்சுக்கிட்டு, சாப்பிடுற நேரத்துல திறந்து விடும். தொட்டியை எடுத்துட்டா ஊத்து நின்னுடுமா? நாள் முழுக்கச் சொட்டிட்டே இருக்கும். குடல் வழியா கீழ போயிட்டா ஒண்ணும் இல்ல. இரைப்பைக்கும் குடலுக்கும் நடுவுல ஒரு வால்வு இருக்கு. உங்களுக்கு அது சரியா மூடலை. மேல ஏறுது."

"ஏறினா என்ன ஆகும்?"

"வயித்துல அமிலம் இருக்குல்ல, அது வயித்தையே அரிச்சுடாம இருக்க உள்பக்கம் வழவழன்னு ஒரு பூச்சு இருக்காம். அதுல கொழுப்புப் பசை கலந்திருக்காம். பித்தம் கொழுப்பைக் கரைக்கிற சாமான். சோப்பு மாதிரின்னு சொன்னாங்க. அந்தப் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமா கழுவி விட்டுடுதாம். அப்புறம் அமிலம் நேரா உள்தோலைத் தொடுது. படத்தைக் காட்டினாங்க. மஞ்சளும் பச்சையுமா குளம் கட்டி நிக்குது, சுத்தி எல்லாம் செவந்து கிடக்கு."

கறைக்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அவர் மேசையின் இழுப்பறையில் மாட்டுப் பித்தம் கலந்த சோப்புக் கட்டி ஒன்று எப்போதும் இருக்கும். எண்ணெய்ப் பிசுக்குக்கு அதை மிஞ்சியது கிடையாது. ஈரத் துணியில் தடவி, நேரம் பார்த்து அலசிவிட வேண்டும். மறந்து விட்டுவிட்டால் பிசுக்கோடு பட்டின் மினுமினுப்பையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். அதே சாமான் தன் வயிற்றுக்குள் பகல் முழுக்க, அலச ஒரு வாய் சோறுகூட இல்லாமல், உட்கார்ந்திருந்திருக்கிறது. அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"வயித்தைக் காயப் போடக் கூடாதாம். கொஞ்சம் கொஞ்சமா, வேளாவேளைக்கு. சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. அமில மாத்திரை மட்டும் போதாது, பூச்சு மாதிரி படியுற மருந்து ஒண்ணு எழுதியிருக்காங்க. வீட்ல சொல்லி நேரத்துக்குப் போடச் சொல்லுங்கன்னாங்க. சரின்னுட்டேன்" என்று முடித்தார் வால்வுக்காரர். "பயப்பட ஒண்ணும் இல்லையாம். அதை ரெண்டு தடவை கேட்டுக்கிட்டேன்."

இரண்டு தடவை கேட்டுக்கொண்டாராம். கறைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தன் வயிற்றைப் பற்றி ஒரு மனுஷர் இரண்டு தடவை கேட்டிருக்கிறார் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

பிறகு வால்வுக்காரர் உள்ளே போனார். போகும்போது கண்ணாடிக் கூட்டையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி, "சகலை, பிடிங்க" என்று நர்ஸ் காதில் விழும்படி கொடுத்துவிட்டுப் போனார். கறைக்காரர் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்தபடி இருந்தார்.

டாக்டர் கூப்பிட்டபோது இன்னொரு பித்தக் கதையை எதிர்பார்த்துத்தான் எழுந்து போனார். டாக்டர் நாற்காலியைக் காட்டினார். உட்காரச் சொல்கிற அந்த விதமே சரியில்லை.

"உங்க சகலை எத்தனை நாளா சரியா சாப்பிடலை?"

"தெரியலைங்க."

"வயித்துல ஒரு புண் இருக்கு. சாதாரணப் புண் மாதிரி தெரியலை. விளிம்பு தடிச்சுக் கட்டி மாதிரி இருக்கு. சதை எடுத்து அனுப்பியிருக்கோம், அடுத்த வியாழக்கிழமை ரிசல்ட் வந்துடும். வந்தாதான் உறுதியா சொல்ல முடியும், ஆனா குடும்பம் தயாரா இருக்கிறது நல்லது. அன்னிக்கு அவரைத் தனியா விட்டுடாதீங்க. நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லுங்க."

நான் அவருக்கு யாருமில்லை, காலையில்தான் பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் என்ன ஆகும்? மயக்கம் தெளியாத மனுஷரிடம், பக்கத்தில் ஒருவரும் இல்லாதபோது, இதை டாக்டர் நேராகச் சொல்ல வேண்டி வரும். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார்.

வால்வுக்காரர் கண் விழித்ததும் கேட்டது அதைத்தான்.

"எனக்கு என்னவாம்?"

"உங்களுக்கும் பித்தம்தானாம்."

"அட." வால்வுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். "ஊர் வால்வையெல்லாம் இறுக்கி மூடுறேன். என்னோடது ஒழுகுதா."

"அடுத்த வியாழக்கிழமை ரிசல்ட் ஒண்ணு வாங்க வரணுமாம்."

"வந்தாப் போச்சு."

ஆஸ்பத்திரி வாசலில் பிரிந்தார்கள். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, கண்ணாடிக் கூட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வால்வுக்காரர் இந்தப் பக்கம் நடந்தார். கறைக்காரர் அந்தப் பக்கம். பெயரும் கேட்கவில்லை, வீடும் கேட்கவில்லை. இரண்டு பேருமே அந்தப் பழக்கம் விட்டுப்போனவர்கள்.

நல்லதுக்குத்தானே பொய் சொன்னோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கொஞ்ச தூரம் போனார். டாக்டர் பார்த்துக்கொள்வார். அடுத்த வியாழக்கிழமை அந்த ஆள் சிரித்துக்கொண்டே வந்து நிற்பார். நர்ஸ் கேட்பாள், சகலை வண்டி நிறுத்தப் போயிருக்கிறார் என்பார். பிறகு தன்னந்தனியாகப் போய் அந்த நாற்காலியில் உட்காருவார். இதை நினைத்த இடத்திலேயே கறைக்காரர் நின்றுவிட்டார்.

திரும்பி ஓடினார். ஓடுகிற வயசில்லை, வயிறும் ஓடவிடவில்லை. பஸ் நிறுத்தத்தில் நெட்டையான அந்த முதுகு தெரிந்தது. எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், தெருவே திரும்பிப் பார்க்க, "சகலை" என்று கத்தினார்.

வால்வுக்காரர் திரும்பினார். "என்னங்க, எதையாவது வெச்சுட்டு வந்துட்டேனா?"

"நான் பொய் சொல்லிட்டேன். உங்களுக்குப் பித்தம் இல்ல." மூச்சு வாங்கியது. "வயித்துல கட்டி மாதிரி ஒரு புண்ணு இருக்காம். சாதாரணமா தெரியலையாம்."

பக்குவமாகச் சொல்லுங்கள் என்றுதான் டாக்டர் சொன்னார். பக்குவத்துக்கு அவர் எங்கே போவார். வருஷக்கணக்காக யாரிடமும் எதையும் சொல்லிப் பழகாத வாய் அது.

வால்வுக்காரர் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு கோபம் வந்தது.

"இதைச் சொல்ல நீங்க யாரு?"

"யாரும் இல்ல."

"யாரும் இல்லாத ஆளு வாயை மூடிட்டுப் போக வேண்டியதுதானே. பித்தம்னு சொன்னீங்க. நான் பாட்டுக்கு பஸ் ஏறிப் போயிருப்பேன்."

"போயிருப்பீங்க. அடுத்த வாரம் தனியா வந்து கேட்டிருப்பீங்க."

ஒரு பஸ் வந்து, யாரும் ஏறாததால் போய்விட்டது. கறைக்காரர் நின்றுகொண்டே இருந்தார். உட்காரலாமா கூடாதா என்று தெரியவில்லை. அடிவாங்கின மாதிரி வலித்தது, வயிற்றில் அல்ல.

"ரொம்ப மோசமாமா?" என்று வால்வுக்காரர் கடைசியில் கேட்டார்.

"உறுதியா தெரியலையாம். சதை எடுத்து அனுப்பியிருக்காங்க. அன்னிக்கு வீட்ல யாரையாவது கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"வீட்ல ஒரு நாற்காலி இருக்கு. அதைத் தூக்கிட்டு வரவா."

"நான் வரேன்" என்றார் கறைக்காரர்.

வால்வுக்காரர் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. காய்த்துப்போன கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பஸ் வந்து நின்றது. எழுந்து, கம்பியைப் பிடித்து, படியில் ஏறினார். கறைக்காரர் அவர் போகப்போகிறார் என்று நினைத்து ஒரு எட்டு பின்னால் வைத்தார்.

"நின்னுட்டே இருந்தா எப்படி?" படியிலிருந்தபடியே எரிச்சலோடு திரும்பினார் வால்வுக்காரர். "ஏறுங்க. வீடு தெரியாம வியாழக்கிழமை எங்க வந்து என்னைக் கூப்பிடுவீங்க?"